மேடையை விட்டு இறங்காத குடும்பம்

நெடுஞ்சேரி முத்தமிழ் மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ‘ஆதிமூலம் வீடு’ நாடகத்தைத் தொடங்கி, இடைவேளையே விடாமல் ஐந்து மணி நேரம் போட்டு முடித்தார்கள். நடித்த நாலு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். ஆனால் ஆதிமூலத்தின் குடும்பம் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை.

இதை முதலில் பார்த்தவர் மன்றச் செயலாளர் சிங்காரவேலு. நாற்காலிகளை அடுக்கிவிட்டு விளக்கை அணைக்கப் போனவர், ஆதிமூலமும் அவர் மனைவி செண்பகவடிவும் மகன் தருமனும் மகள் நல்லம்மையும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வதைப் பார்த்து, “நாடகம் முடிஞ்சிருச்சு, எல்லாரும் கெளம்புங்க” என்றார்.

“எங்க கெளம்புறது? இது எங்க வீடு” என்றார் ஆதிமூலம்.

சிங்காரவேலு எதிர்த்தெருவுக்கு நடந்துபோய், ஆதிமூலமாக நடித்த பொன்னம்பலத்தின் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பொன்னம்பலம் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து மேடையைப் பார்த்தார். அதே மூக்கு, அதே வழுக்கை, ஆனால் கண்ணாடி இல்லை, குரல் மட்டும் இரண்டு மடங்கு. சரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒரு குடம் தண்ணீரையும் டம்ளரையும் மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் போனார். வீட்டுக்குள் குடும்பம் இருக்கும்போது வெளியே பூட்டுப் போடுவது முறையில்லை அல்லவா?

விஷயம் ஊர் முழுக்கப் பரவியபோது, பொன்னம்பலத்தின் மனைவி மங்களேஸ்வரிக்கு வயிற்றில் இரண்டு கல் விழுந்தன. ஒரு கல்லை எல்லோரிடமும் சொல்லலாம்: வருகிற வெள்ளிக்கிழமை அதே மன்றத்தில், அதே மேடையில், அவளுடைய மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். இன்னொரு கல்லை யாரிடமும் சொல்ல முடியாது.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஐந்து மணி நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘ஆதிமூலம் வீடு’ எண்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாலுகாவில் இருந்த ஒரு வாத்தியார் எழுதியது. பெரிய நாடகம், காவியம், நம் மண்ணின் சொத்து என்று எல்லோரும் சொல்வார்கள், ஒருத்தரும் படித்ததில்லை. கதை இதுதான். மகன் தருமன் பதினெட்டு வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்கு ஓடிப்போகிறான். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து, ‘வரலாமா என்று கேட்டுக் கடிதம் போட்டேனே, ஏன் ஒரு பதிலும் இல்லை’ என்கிறான். கடிதமே வரவில்லை என்கிறார்கள். அன்றைக்கென்று அரிசிப் பானையின் அடியிலிருந்து அந்தக் கடிதம் ஒட்டுக்கூடப் பிரிக்காமல் வெளியே வருகிறது. அதை ஒளித்தது யார்? அம்மாவா, அப்பாவா, தங்கையா? ஐந்து அங்கமும் இதே கேள்விதான். ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லி, அழுது, மூலைக்குப் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

முதல் அங்கத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். இரண்டாம் அங்கத்தில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது. மூன்றாம் அங்கத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தவர்கள் தவிர மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள். இருந்தவர்களும் தூங்கினார்கள். தலைமை தாங்கிய பேராசிரியர் இளஞ்சேரன் கன்னத்தில் கை வைத்தபடி தூங்கியதால் அது தூக்கமாகத் தெரியவில்லை, ஆழ்ந்த சிந்தனையாகத் தெரிந்தது. முன்வரிசை நடுவில் மங்களேஸ்வரி ஒருத்திதான் முதுகு வளையாமல், கண்ணாடி போட்டு, மேடையையே பார்த்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். தபாலாபீஸ் கவுன்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்த முதுகு அது.

அந்த முதுகுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது நிமிர்ந்தபடியே தூங்கும்.

நாலாம் அங்கத்தில் ஆதிமூலம் தனியாக முன்னால் வந்து பேசுகிற கட்டம் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு நிமிஷம். பொன்னம்பலம் வீட்டில் பேசுகிற மனிதர் இல்லை. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றது முதல் ‘தண்ணி’, ‘பேப்பர்’, ‘ம்’ என்ற மூன்று வார்த்தைகளில் நாளை முடித்துவிடுவார். அவர் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்து மூன்று மாதம் பின்கட்டில் சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினார். மங்களேஸ்வரி எட்டிப் பார்த்தால், “அன்னைக்கு மேடையில பாத்துக்க” என்று துரத்திவிடுவார். அன்றைக்கு மேடையில் அவர் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. அடுத்து அவள் பார்த்தபோது ஒன்று இருபத்தொன்று, விழித்துக்கொண்டவர்கள் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், அவளும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். “நாலாம் அங்கம் எப்படி இருந்துச்சு, மங்களம்?”

“கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க” என்றாள்.

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், உருகிவிட்டார் என்று அவள் நினைத்தாள். அதுதான் அந்த இரண்டாவது கல்.

திங்கட்கிழமை காலையில் ஊர் வேலையைத் தொடங்கியது. வார்டு கவுன்சிலர் வந்து, நாலு பேருக்கும் வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் சீக்கிரம் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் வந்து புகார் உண்டா என்றார். நாலு பேரும் மற்ற மூன்று பேர் மேலும் தனித்தனியாகப் புகார் சொன்னார்கள், அவர் ஒரு முழு நோட்டை நிரப்பி, இது குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். தரகர் ஒருவர் நல்லம்மைக்கு இரண்டு ஜாதகம் கொண்டுவந்தார். செண்பகவடிவின் காலில் நீர் கோத்திருப்பதைப் பார்த்துவிட்டு நர்ஸ் ஒருத்தி உப்பைக் குறைக்கச் சொன்னாள், அதைக் கேட்டு “எம்பது வருஷமா இந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் ருசியாக் கெடையாது, இப்ப உப்பும் போச்சு” என்று செண்பகவடிவு அழுததில், நேற்று ஐந்து மணி நேரம் கண் கலங்காத வடக்குத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள்.

ஒரு விஷயத்தை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. எதிரே யாராவது உட்கார்ந்திருந்தால் அந்தக் குடும்பம் அளவாகச் சண்டை போடும். யாரும் இல்லாவிட்டால், யாருக்காவது கேட்கட்டும் என்று நாலு பேரும் உச்சக் குரலில் கத்துவார்கள், மூன்று தெருவுக்கு டிவி கேட்காது. ஆகவே தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு, கீரை ஆய்கிறவர்கள் கீரையோடும், பூக் கட்டுகிறவர்கள் பூவோடும், ரிட்டயர் ஆனவர்கள் பேப்பரோடும் வந்து உட்கார்ந்தார்கள். நாடகமாக இருந்தபோது வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது, இப்போது பதில் சொல்லலாம். அதனால் கூட்டம் தாங்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க தருமன் பக்கம். வடக்குத்தெரு அம்மா பக்கம். டீக்கடையில் அப்பா பக்கம் பேசியவருக்கும் மகள் பக்கம் பேசியவருக்கும் கைகலப்பாகி, வடைத் தட்டு கவிழ்ந்தது. நல்லம்மை ஒருமுறை, “அண்ணன் மேல எனக்கு என்ன கோவம்? கடுதாசிய நான் ஏன் ஒளிக்கப் போறேன்?” என்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “அவன் வந்தா ஒனக்குப் போட்ட சங்கிலிய வித்துருவான்னு பயந்திருப்ப” என்றாள். “ஆமால்ல!” என்று மன்றமே சொன்னது.

சம்பந்தி வீட்டிலிருந்து மங்களேஸ்வரிக்குப் போன் வந்தது. “மண்டபத்து மேடையில ஒரு குடும்பமே தங்கியிருக்காங்களாமே சம்பந்தியம்மா, ஒங்க சொந்தக்காரங்களா?”

“அப்படியும் வெச்சுக்கலாம்” என்றாள் அவள். மேடையில் இருக்கிறவர் முகம் அவள் புருஷன் முகமாக இருக்கும்போது வேறு என்ன சொல்வது?

தேன்மொழி சிரித்தாள். “இருந்தா இருந்துட்டுப் போறாங்கம்மா. ஒரு ஓரமா உக்காரச் சொல்லு.”

“ஒன் கழுத்துல தாலி ஏறுறப்ப அந்தாளு ‘நீ உருப்படுவியாடா’ன்னு கத்துவாரே, பரவாயில்லையா?”

தேன்மொழி சிரிப்பை நிறுத்தினாள்.

புதன்கிழமை, பந்தல்காரர்கள் மன்ற வாசலில் மூங்கிலை இறக்கிவிட்டுக் காத்திருந்தபோது, சிங்காரவேலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்று, “ஒங்களுக்கு என்னதான்யா வேணும்?” என்று கேட்டார்.

 தருமன் சொன்னான். “கடுதாசிய ஒளிச்சது யாருன்னு தெரியணும். நாங்க சொன்னா நாங்களே நம்ப மாட்டோம். முழுசாப் பாத்த ஒருத்தர் சொல்லட்டும். கேட்டுக்கிட்டு எறங்கிருறோம்.”

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். ஆதிமூலம் அவரைக் கை கூப்பிக் கும்பிட்டு, “ஐயா, நாலாம் அங்கத்துல நான் முன்னாடி வந்து பேசினேன். என்ன பேசினேன்னு எனக்கே சரியா நெனவு இல்ல. பாதியில எதையோ விட்ட மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்க” என்றார்.

பேராசிரியர் சால்வையைச் சரிசெய்தார். “ஒரு பிரதி என்பது பல வாசிப்புகளுக்கு இடம் கொடுப்பது. அந்த உரையில் நாம் கேட்பது சொற்களை அல்ல, மௌனத்தை.”

“மௌனமா? நான் தொண்ட கிழியக் கத்தினேனே!”

பேராசிரியர் மணியைப் பார்த்தார், வகுப்பு இருக்கிறது என்றார், போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, நான் அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்தேன், எனக்குத் தூசி பட்டுக் கண் எரிந்தது என்று சொல்லச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை காவியத்தை முழுசாகப் பார்த்தவர் யாரும் ஊரில் இல்லை என்பது வெளிச்சமாயிற்று. அப்புறம் சிங்காரவேலுதான் சொன்னார். “நம்ம தபாலாபீஸ் அக்கா இருக்காங்கள்ல? அசையாம பாத்தாங்களே!”

“ஆமா, அந்தம்மாதான்” என்றாள் செண்பகவடிவு. “நான் மேடையிலேருந்து பாத்தேன். கண் சிமிட்டல.”

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தீர்ப்பு என்று முடிவாயிற்று. மங்களேஸ்வரி அன்று முழுக்க முத்திரையைத் தலைகீழாகக் குத்தினாள். யாரையாவது சொல்லிவிட்டால் என்ன? அம்மா என்று சொன்னால் வடக்குத்தெரு விடாது, மகள் என்று சொன்னால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போச்சு, அப்பா என்று சொல்லலாம், அது அவள் புருஷன் முகம், கை காட்டுவது சுலபம். மத்தியானம் வீட்டுக்கு வந்து பொன்னம்பலத்திடம், “என்னங்க, அந்தக் கட்டத்த எனக்கு இன்னொரு தடவ சொல்லிக் காட்டுங்களேன், சரியா நெனவுபடுத்திக்கிறேன்” என்றாள். அவர் எழுந்தார். “நேரம் இல்ல” என்று சட்டையை மாட்டிக்கொண்டு பூக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். பூக்காரரை அவர் காலையிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

நாலு மணிக்கு மன்றத்தில் நிற்க இடமில்லை. ஜன்னலில் தலைகள். முன்வரிசை நடுவில் அதே நாற்காலியை அவளுக்காகத் துடைத்து வைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை. மேடையில் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். தருமன் கையில் அந்தக் கடிதம் இருந்தது. இப்படிப் பதிலுக்குக் காத்திருக்கிற முகத்தை அவள் கவுன்டரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ‘இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நான் தூங்கிட்டேன்” என்றாள்.

ஜன்னலில் இருந்த தலைகள் இன்னும் உள்ளே நீண்டன.

“நாலாம் அங்கத்துல. பதினோரு நிமிஷம். மத்தத எல்லாம் பாத்தேன், சாமி சத்தியமா. அது மட்டும் பாக்கல. யாரு ஒளிச்சதுன்னு எனக்குத் தெரியாது.”

 செண்பகவடிவு புருஷனைப் பார்த்தாள்.

“தூங்கிட்டாளாம்ல?”

“அதுவும் எப்போ? அப்பா பேசுறப்ப!” என்றாள் நல்லம்மை.

“எங்கப்பா உசிரக் குடுத்துப் பேசியிருக்காரு, இந்தம்மா குறட்ட விட்டிருக்கு” என்றான் தருமன். எண்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து ‘எங்கப்பா’ என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

“குறட்டை விடலப்பா” என்றாள் மங்களேஸ்வரி.

“பேசாதீங்க!” என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே குரலில் சொன்னதை அவர்களே கவனிக்கவில்லை. “மூட்டையக் கட்டுடி” என்றார் ஆதிமூலம். “கண்ணு முன்னாடி ஒரு குடும்பம் கெடந்து சாகுறப்ப தூங்குற ஊருல நமக்கு என்ன வேல? தருமா, பெட்டிய எடு. நல்லம்மா, அம்மா கையப் புடி, படி இருக்கு.” மகன் பெட்டியைத் தலையில் வைத்தான், மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள், அம்மா போகிற போக்கில் அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாலு பேரும் மேடையை விட்டு இறங்கி, நடுவழியே நடந்து, இரண்டு பக்கமும் ஊரே எழுந்து நிற்க, ஒருத்தரையும் திரும்பிப் பார்க்காமல், மங்களேஸ்வரியைக் கடக்கும்போது மட்டும் நாலு பேரும் முகத்தை ஒரே பக்கம் வெட்டிக்கொண்டு, வெளியே போய்ச் சாத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். அவர்கள் ஏறியதும் பந்தல்காரர்கள் மூங்கிலை உள்ளே கொண்டுவந்தார்கள்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பொன்னம்பலம் மட்டும் மங்களேஸ்வரியிடம் ‘ம்’கூடச் சொல்லவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும், “சாரோட பேச்சுக்குத் தூங்கிட்டீங்களாமே அக்கா” என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்கள். அவருக்குக் கோபம் இருக்கத்தானே செய்யும் என்று அவளும் தலையைக் குனிந்துகொண்டே பரிமாறினாள்.

மகள் புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆன பின்பு, சாத்தூர் தபாலாபீசில் அவளோடு முன்பு வேலை பார்த்த வேலம்மாள் போன் செய்தாள். “ஏன் மங்களம், ஒங்க வீட்டுக்காரரு ஒரு வாரமா எங்க பஸ் ஸ்டாண்டுல யாரோ பொம்பளகூட சண்ட போட்டுக்கிட்டிருக்காரே, தெரியுமா?”

மங்களேஸ்வரி சிரித்துவிட்டு அதை அவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

“தப்பு என்னுது” என்றார். “ஒனக்குப் பதினோரு நிமிஷம்னா, நான் பேசுனது ஆறு நிமிஷந்தான். பாதியில மறந்துபோச்சு. வாய்க்கு வந்த கடைசி வரியச் சொல்லிட்டு, மிச்ச நேரம் அழுதுக்கிட்டு நின்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. நீ கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு சொன்ன. யாராவது கண்டுபுடிச்சிருவாங்கன்னு எனக்கு நாலு நாள் சோறு எறங்கல.”

“அப்ப யாரு ஒளிச்சதுன்னு…”

“நான் சொல்லவே இல்ல. சொல்லாம அந்தாளுக்கு எப்படித் தெரியும்?”

 இருபத்தேழு வருஷத்தில் அவர் மூச்சு விடாமல் பேசிய நீளமான பேச்சு இதுதான். மங்களேஸ்வரி எழுந்து செருப்பை மாட்டினாள். “நோட்ட எடுங்க.”

காலை பத்து மணிக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். நாலாவது பிளாட்பாரத்தில், வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்க, ஆதிமூலம் குடும்பம் சண்டையை இன்னும் முடிக்கவில்லை. பொன்னம்பலம் தன் முகத்துக்கு நேராகப் போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார். “ஐயா, இது நீங்க சொல்ல வேண்டியது. நான் விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு, பஸ்காரர்கள் ஊர்ப்பெயர் கூவுகிற சத்தத்துக்கு நடுவே படித்தார்.

“அந்தக் கடுதாசி என் கையிலதான் வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. இந்த வீட்டுல அது ஒருத்தருக்கும் தெரியாது. யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொன்னா அது தெரிஞ்சுபோகும். நாளைக்குப் பாப்பம்னு பானையில போட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு…”

விட்டுப்போன ஆறு நிமிஷத்தையும் அவர் படித்தார். முடித்தபோது ஆதிமூலம் பிளாட்பாரத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “ஆமா” என்றார். “அதான். அதத்தான் சொல்ல வந்தேன்.”

செண்பகவடிவு பானையைக் கீழே வைத்தாள். “தெனமும் பேப்பர விரிச்சு வெச்சு உக்காந்திருப்பீகளே?”

“படம் பாத்தேன்” என்றார் ஆதிமூலம்.

முதலில் நல்லம்மை சிரித்தாள், அப்புறம் செண்பகவடிவு, அப்புறம் தருமன் சிரித்துக்கொண்டே அழுதான். அவன் கடிதத்தின் ஒட்டைப் பிரித்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டே வரி இருந்ததைப் படித்துக் காட்டினான். ஆதிமூலம் கேட்டுவிட்டு, “வா” என்றார். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

பிறகு எங்கே போவது என்று பேச்சு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு நல்ல வீடு கிடைக்கும் என்று வெள்ளரிக்காய்க்காரி சொன்னாள். அந்த ஊர்ப் பஸ்ஸும் எதிரே வந்து நின்றது. தருமன் பெட்டியைத் தூக்கினான். ஆதிமூலம் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, “இரு, போர்டுல என்ன போட்டிருக்குன்னு நான்தான் படிப்பேன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் குடு. மொத எழுத்து என்னடா இது, எழுத்தா, கோலமா?” என்றார்.

“அது ‘ஸ்ரீ’ப்பா.”

“எடுத்த எடுப்புல இப்படி ஒண்ண வெச்சா மனுசன் எப்படிப் படிப்பான்?”

பஸ் போய்விட்டது. “ஒங்க ரெண்டு பேரால போச்சு” என்றாள் செண்பகவடிவு. அடுத்த பஸ் வந்தது, ஆதிமூலம் ‘வில்லி’ வரை வந்தார், அதுவும் போயிற்று. பொன்னம்பலம் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து சிமென்ட் பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுஞ்சேரி பஸ் ஒன்று கிளம்புவதற்காக உறுமிக்கொண்டிருந்தது.

“போலாமா?” என்றார்.

“இருங்க” என்றாள் மங்களேஸ்வரி, கண்ணை எடுக்காமல். “இன்னும் ‘புத்தூர்’ இருக்கு.”